மேடையில் கேட்டது காணொளியில் ஏன் கேட்பதில்லை? பள்ளி இசைக்குழுவை மின்னிலக்க மிக்சரில் பதிவு செய்தல்

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் பள்ளியின் பொங்கல் விழா அல்லது ஆசிரியர் தின நிகழ்ச்சியின் காணொளி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். திரையைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். படம் பளிச்சென்று இருந்திருக்கும். ஒலி எப்படி? மண்டபத்தின் எதிரொலி, மின்விசிறியின் இரைச்சல், முன்வரிசையில் யாரோ பேசிக்கொள்வது, இவற்றுக்கு நடுவே எங்கோ தூரத்தில் ஒரு பாட்டு. ஆறு மாதம் பயிற்சி செய்த பிள்ளையின் வயலின் அதில் இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பாட்டு தெளிவாக இருந்தால் பெற்றோர் முழுவதும் பார்ப்பார்கள். ஒலி கெட்டுப்போன காணொளியைப் பிள்ளையின் சொந்தப் பாட்டிகூட அரை நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்.

இதற்குக் கைப்பேசியைக் குறை சொல்லிப் பயனில்லை. மண்டபத்தின் பின்புறம் நிற்கும் கைப்பேசிக்கு, பாடகரின் குரல் நேராக வருவதைவிடச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவதுதான் அதிகம். போதாததற்கு, அது தானாகவே ஒலி அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். பாட்டு மெதுவாக வரும் இடத்தில் அளவைத் தூக்கும், மின்விசிறியும் சேர்ந்து தூக்கப்படும். உறுமி முழங்கியதும் சட்டென்று அமுக்கும், பாடகரின் குரலும் சேர்ந்து அமுங்கும்.

தமிழாசிரியர்களுக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. நாம் மேடையேற்றுவது சொற்களை. உயிரெழுத்தின் ஓசை நீளமாகவும் வலுவாகவும் இருப்பதால் எதிரொலியிலும் பிழைத்துக்கொள்ளும். மெய்யெழுத்து அப்படியல்ல. க், ச், ட், த், ப் எல்லாம் கண நேரம் வெடித்து மறையும் ஒலிகள். ல, ள, ழ வேறுபாடோ இன்னும் நுட்பமானது. பேச்சைப் புரியவைக்கும் விவரங்களில் பெரும்பங்கு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. முந்தைய அசையின் எதிரொலி அடுத்த அசையின் மேல் படியும்போது முதலில் தொலைவது இந்த விவரங்கள்தான். பிள்ளை மேடையில் சரியாகத்தான் ‘ழ’ சொல்லியிருக்கும். காணொளியில் கேட்பவர் உச்சரிப்புச் சரியில்லை என்பார்.

மிக்சரில் இருந்து ஒரு வயர் போதாதா?

பலர் செய்வது இதுதான். சவுண்ட் சிஸ்டம்காரரிடம் கேட்டு, மிக்சரின் வெளியீட்டில் இருந்து ஒரு வயரை எடுத்துக் காமிராவில் செருகிவிடுவார்கள். எதிரொலி போய்விடும், குரல் தெளிவாகிவிடும். உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்து கேட்டால் இன்னொரு வியப்பு காத்திருக்கும்: குரல் மட்டும் காதைப் பிளக்கும். உறுமி மேளத்தைக் காணோம், தவிலைக் காணோம். டிரம்ஸ் ஏதோ பக்கத்து வீட்டில் அடிப்பதுபோல் இருக்கும்.

ஏன் அப்படி? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

மண்டபத்தில் இருப்பவர் கேட்பது ஒலிபெருக்கியை மட்டும் அல்ல. மேடையில் இருந்து நேராக வரும் ஓசையும் அவர் காதில் விழுகிறது. உறுமிக்கும் தவிலுக்கும் மைக்கே தேவையில்லை, சிறிய மண்டபத்தை அவை தாமாகவே நிரப்பிவிடும். எனவே மிக்சரில் நிற்பவர் அவற்றின் ஃபேடரைக் கீழே இறக்கி வைத்திருப்பார். குரலும் வயலினும் வீணையும் அந்த முழக்கத்துக்குமேல் எழ வேண்டுமே, அவற்றை ஏற்றி வைத்திருப்பார். அவர் செய்தது முழுக்கச் சரி, ஏனென்றால் அவர் வேலை அந்த மண்டபத்துக்கு எது குறைகிறதோ அதைக் கூட்டுவது. அதாவது, மிக்சரில் இருந்து வெளியேறும் ஒலி முழு இசை அல்ல. மண்டபத்தில் ஏற்கெனவே இருக்கும் இசையைக் கழித்தபின் வரும் மிச்சம். அந்த மிச்சத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு, இசைக்குழு எங்கே என்று தேடுகிறோம்!

திறந்தவெளித் திடலில், பெரிய கூட்டத்துக்கு முன் நடக்கும் நிகழ்ச்சியில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே எல்லாமே ஒலிபெருக்கி வழியாகத்தான் போயாக வேண்டும். மண்டபம் சிறுத்துக்கொண்டே போகப் போகப் பதிவும் கோணலாகிக்கொண்டே போகும். நம் பள்ளி மண்டபங்கள் பெரும்பாலும் எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே தேவைப்படுவது மண்டபத்துக்கான கலவையின் நகல் அல்ல. ஒவ்வொரு மைக்கும் பிடித்ததைத் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி முடிந்தபிறகு வீட்டில் உட்கார்ந்து பதிவுக்கென்றே வேறொரு கலவை செய்வதுதான் வழி. இதைப் பல்தடப் பதிவு என்போம். முன்பு இதற்கு ஒரு லாரி நிறையக் கருவி வேண்டும். இப்போது, வாடகைக்கு வரும் சாதாரண மின்னிலக்க மிக்சருக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. பல நேரங்களில் யாரும் அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மின்னிலக்க மிக்சர் என்ன செய்கிறது?

பழைய மிக்சரில் மைக்கில் இருந்து வந்த மின்னலை, மின்னலையாகவே கடைசிவரை பயணம் செய்யும். மின்னிலக்க மிக்சரில் நுழைவாயிலிலேயே அது எண்களாக மாற்றப்படுகிறது. விநாடிக்கு 48,000 முறை அலையின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்கிறது கருவி. ஏன் 48,000? மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையை எண்களில் இருந்து திரும்ப உருவாக்க வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். 40,000 என்ற எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் இடம் விட்டு வைத்ததுதான் 48,000. இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒலி எண்ணாகிவிட்டால் ஒரு பெரிய நன்மை: எத்தனை நகல் எடுத்தாலும் தேயாது. ஒரே குரலை ஒரு பாதையில் மண்டபத்துக்கும் இன்னொரு பாதையில் பதிவுக்கும் அனுப்பலாம். பதிவுக்கான பாதையை நுழைவாயிலுக்கு மிக அருகில், ஃபேடருக்கு முன்பாகவே பிரித்து எடுக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மண்டபத்துக்காக ஒருவர் ஃபேடரை ஏற்றி இறக்குவது உங்கள் பதிவைத் தொடாது.

நம் வட்டாரத்தில் வாடகைக்குக் கிடைப்பவற்றுள் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 ஒன்று. 2012இல் சந்தைக்கு வந்தது. யூஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்தால் 32 தடங்களைத் தனித்தனியாக அனுப்பும். எக்ஸ்-லைவ் என்ற அட்டை பொருத்தியதாக இருந்தால் கணினியே வேண்டாம், எஸ்டி அட்டையிலேயே 32 தடங்களும் பதிவாகிவிடும். ஆலன் அண்டு ஹீத் நிறுவனத்தின் கியூ வரிசைக் கருவிகள் யூஎஸ்பி வன்தட்டில் நேராக 18 தடங்கள் பதியும். சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர் 22 தடங்கள். யமஹா டிஎஃப் வரிசை கணினிக்கு 34 தடங்கள்வரை அனுப்பும். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே போன் போட்டு, “அண்ணே, உங்க மிக்சர்ல ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ண முடியுமா? அட்டை நாங்க கொண்டு வரலாமா, நீங்க தர்றீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் நடக்காது. அவர் வயர் இழுப்பதில் மும்முரமாக இருப்பார்.

ஓர் எச்சரிக்கை. அதே எக்ஸ்32இன் மேற்பக்கத்தில் யூஎஸ்பி விரலி செருகும் துளை ஒன்று இருக்கும். அதில் பதிவாவது இரண்டு தடம் மட்டுமே. பெரும்பாலும் அது மேலே சொன்ன ‘மிச்சம்’தான். “ரெக்கார்ட் ஆகுது சார்” என்று சொல்லப்பட்டால், எத்தனை தடம் என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்-லைவ் அட்டை ஒவ்வொரு மாதிரியையும் 32 பிட், அதாவது 4 பைட்டாக எழுதுகிறது. 32 தடம் × 4 பைட் × 48,000 என்றால் விநாடிக்கு 61 லட்சம் பைட்டுக்கு மேல். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 22 கிகாபைட். 24 பிட்டில் 16 தடம் மட்டும் என்றால் மணிக்கு 8 கிகாபைட் சொச்சம். இரண்டு மணி நேர விழாவுக்கு 32 கிகாபைட் அட்டை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய் முழுப் பதிவையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது இப்போது தெரிகிறது அல்லவா?

பல்தடம் முடியவே முடியாது என்றால் இடைவழி ஒன்று உண்டு. மின்னிலக்க மிக்சரில் மேடைக் கண்காணிப்பு ஒலிபெருக்கிகளுக்காகத் தனிக் கலவைப் பாதைகள் பல இருக்கும். அவற்றுள் இரண்டைப் பதிவுக்கென ஒதுக்கி, ஃபேடருக்கு முந்தைய நிலையில் வைத்து, ஒரு மாணவரைக் காதுக்கருவியோடு ஒரு கைக்கணினியின் முன் உட்கார வைத்து, உறுமியையும் தவிலையும் அதில் மட்டும் ஏற்றச் சொல்லலாம். பிழை வந்தால் பிறகு திருத்த முடியாது. ஆனாலும் மண்டபக் கலவையை அப்படியே எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கெயின் வேறு, ஃபேடர் வேறு

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது. வீட்டுத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். கெயின் என்பது வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் முதன்மைக் குழாய். ஃபேடர் என்பது குளியலறைக் குழாய். பதிவுக்கான பாதை இந்த இரண்டுக்கும் நடுவில் பிரிகிறது. ஃபேடரை என்ன செய்தாலும் பதிவுக்குப் பாதிப்பில்லை. கெயினைத் திருகினால் மண்டபம், பதிவு இரண்டுமே மாறும்.

ஆகவே கெயினை ஒத்திகையின்போதே சரியாக வைத்துவிட்டு, நிகழ்ச்சி நடக்கும்போது தொடாமல் இருக்க வேண்டும். சரியான அளவு எது? மின்னிலக்கக் கருவியில் உச்சம் 0 டெசிபல். அதற்குமேல் எண் கிடையாது. அதைத் தாண்டிய அலையின் தலை வெட்டுப்பட்டு, கரகரவென்று கேட்கும். எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது. சராசரி -18 டெசிபலைச் சுற்றியும், உச்சங்கள் -10க்கு அண்மையிலும் இருந்தால் நிம்மதி. குறைவாகப் பதிந்துவிட்டோமே என்று அஞ்ச வேண்டாம். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் என்பதால் 24 பிட்டில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது. பிறகு தூக்கிக்கொள்ளலாம். ஒத்திகையில் வெட்கப்பட்டு முனகும் பிள்ளை, விழாவன்று அம்மா அப்பாவைக் கூட்டத்தில் பார்த்ததும் இருமடங்கு உரக்கப் பாடும். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

இரண்டு மைக் கூட்டத்தை நோக்கி

தனித்தனித் தடங்களை மட்டும் கேட்டால் வேறொரு குறை தெரியும். எல்லாம் சுத்தமாக இருக்கும், ஆனால் உயிர் இருக்காது. கைத்தட்டலே கேட்காது. பாடகரின் மைக்கில் ஏதோ மழைத்தூறல்போல் லேசாக விழுந்திருக்கும். இதற்கு மேடையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு மைக்கை வைத்து, மேடைக்கு முதுகு காட்டிக் கூட்டத்தை நோக்கித் திருப்பிவிடுங்கள். இவற்றைப் பதிவுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். மண்டப ஒலிபெருக்கிக்குப் போனால் ‘கீ’ என்று ஊளையிடும். கலக்கும்போது இந்த இரண்டு தடத்தையும் லேசாகச் சேர்த்தால் போதும், மண்டபம் திரும்பி வந்துவிடும். என்னைக் கேட்டால், ஒரு மைக் குறைவாக இருந்தால் பின்பாட்டுக்காரர் இருவரை ஒரே மைக்கில் பாடச் சொல்லுங்கள். கூட்டத்துக்கான மைக்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படமும் ஒலியும் சேரும் இடம்

காமிரா இரண்டு இருந்தால் நல்லது. ஒன்று முழு மேடையும் தெரியும்படி முக்காலியில், தொடக்கம் முதல் முடிவுவரை நிறுத்தாமல் ஓட வேண்டும். அதை யாரும் அசைக்கக் கூடாது. மற்றது முகங்களையும் கைகளையும் தேடிப் போகலாம். தவறிப்போன இடத்தையெல்லாம் அந்த அசையாக் காமிரா மூடிக்கொடுக்கும். கைப்பேசியில் எடுப்பதானால் விமானப் பயன்முறையில் வையுங்கள். பாட்டின் நடுவே அழைப்பு வந்து பதிவு நின்றுபோனால் யாரை நோவது?

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே விநாடிக்கு 25 அல்லது 50 படச்சட்டம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் மண்டபத்துக் குழல்விளக்குகள் பெரும்பாலும் படத்தில் துடிக்காது. பல கைப்பேசிகள் தாமாக 30 அல்லது 60இல் இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

காமிராவின் சொந்த ஒலியையும் அணைத்துவிடாதீர்கள். அது நல்ல ஒலிக்காக அல்ல, அடையாளத்துக்காக. நிகழ்ச்சி தொடங்குமுன், எல்லாக் கருவியும் பதிவில் இருக்கும்போது, ஒரு மாணவர் மேடையின் நடுவில், மைக்குக்கு அருகே நின்று ஓங்கி ஒரு முறை கைதட்ட வேண்டும். திரைப்படக்காரர்கள் கட்டை அடிப்பது இதற்காகத்தான். வீட்டில் திருத்தும்போது மிக்சர் பதிவில் அந்தக் கைதட்டல் ஊசிபோல் எழுந்து நிற்கும். அதைப் படத்தில் கைகள் சேரும் சட்டத்தோடு பொருத்துங்கள்.

கவனியுங்கள், படத்தோடு என்றேன், காமிராவின் ஒலியோடு அல்ல. நம் வெப்பத்தில், 30 பாகையில், ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 25 மீட்டர் பின்னால் இருக்கும் காமிராவுக்கு ஓசை போய்ச் சேர 0.07 விநாடி ஆகும். 25 சட்டக் காணொளியில் ஒரு சட்டம் 0.04 விநாடி. ஆகக் கிட்டத்தட்ட இரண்டு சட்டம் தாமதம். ஒலியோடு ஒலியைத் தானாகப் பொருத்தும் மென்பொருளை நம்பினால், உதட்டுக்குப் பின்னால் குரல் வரும். பொருத்தியபின் ஒலியை இரண்டு சட்டம் முன்னால் தள்ளிப் பாருங்கள், சரியாகிவிடும்.

நீண்ட நிகழ்ச்சியில் இன்னொன்றும் நடக்கும். மிக்சருக்கு ஒரு கடிகாரம், காமிராவுக்கு ஒரு கடிகாரம். இரண்டும் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகும். நாலரைச் சட்டம்! முழு விழாவையும் ஒரே துண்டாகப் பொருத்தாமல், பாட்டுக்குப் பாட்டு வெட்டிப் பொருத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அதேபோல் மிக்சரின் மாதிரி வீதம் 48,000இல் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள். 44,100இல் பதிந்ததை ஏதோ ஓர் இடத்தில் 48,000 என்று தவறாக வாசித்துவிட்டால், பாட்டு வேகமாக ஓடிச் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும்.

கலக்கும்போது குரலில் இருந்து தொடங்குங்கள். சொல் ஒவ்வொன்றும் விளங்குகிறதா என்று கேட்டபின் தாளக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கீழிருந்து ஏற்றுங்கள். சொல் மறையும் இடத்தில் நிறுத்தி, சற்றே இறக்குங்கள். குரல் தடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மேடை அதிர்வும் மைக்கைத் தட்டும் ஓசையும் போய்விடும். ஒட்டுமொத்த அளவை முட்டும்வரை ஏற்ற வேண்டியதில்லை, மிகையாக உரத்து இருந்தால் யூடியூப் தானே குறைத்துவிடும். பொதுவில் ஏற்றுமுன் பெற்றோரின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். திரைப்பாடலாக இருந்தால் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பதிப்புரிமை உண்டு. யூடியூப் அதைத் தானாகவே கண்டுபிடித்து உரிமையாளருக்குச் சொல்லிவிடக்கூடும். பள்ளிப் புலனக் குழுவோடு நிறுத்திக்கொள்வதா என்பதைத் தலைமையாசிரியரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

பல்தடப் பதிவின் இன்னொரு பயனைப் பலர் அறிவதில்லை. ஒத்திகையைப் பதிந்து வைத்தால், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் தடங்களை அதே மிக்சருக்குள் திருப்பி ஓடவிடலாம். மைக்கில் யாரோ பாடுவதாகவே மிக்சர் எடுத்துக்கொள்ளும். வெறும் மேடையை வைத்துக்கொண்டு நிதானமாக ஒலியைச் சரிசெய்யலாம். தாளம் பிசகும் பிள்ளைக்கு அதன் தடத்தை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டலாம். “உன் கஞ்சிரா மூணாவது சரணத்துல ஓடுது பார்” என்று நூறு தடவை சொல்வதைவிட, ஒரு தடவை கேட்க வைத்தால் புரிந்துகொள்ளும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். தொழில்நுட்பம் பற்றிய கட்டுரையில் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, தடம், மாதிரி வீதம், படச்சட்டம், பல்தடப் பதிவு ஆகிய சொற்களைத் தயங்காமல் எழுதலாம். ‘மைக்’, ‘ஸ்பீக்கர்’ பேச்சுக்குச் சரி. தேர்வுத்தாளில் தமிழ்ச் சொல்லே நிற்கட்டும்.

விழா முடிந்து நாற்காலி அடுக்கும் நேரத்தில் மறக்கக் கூடாத வேலை ஒன்று. மிக்சரில் பதிவை முறையாக நிறுத்துங்கள். மின்சாரத்தை முதலில் பிடுங்கினால் கோப்பு முடிக்கப்படாமல் கெட்டுப்போகலாம். பிறகு அட்டையைக் கணினியில் போட்டு, வேறு வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து, இரண்டு மூன்று தடங்களைத் திறந்து கேட்டுப் பாருங்கள். அட்டை சவுண்ட் சிஸ்டம்காரருடையது என்றால் இதை மண்டபத்திலேயே செய்து முடியுங்கள். அதே மிக்சர் நாளைக் காலையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறது, அட்டையை அங்கே அழித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.